பகலில் அனுப்பிய மெசேஜ்கள்

எங்கள் தொழிற்சாலைக்குள் செல்போன் போகாது. அதிகாரியானாலும் சரி, கேன்டீனில் காய் நறுக்குகிறவரானாலும் சரி, கேட்டை ஒட்டிய செக்யூரிட்டி அறையில் போனை அணைத்துக் கொடுத்துவிட்டு, எண் போட்ட பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டுதான் உள்ளே நடக்க வேண்டும். பாதுகாப்புத் துறைக்கான மின்னணுக் கருவிகள் செய்கிற இடம் அது. கேமரா வைத்த போன்கள் வந்த பிறகு விதி இன்னும் இறுகியது. அணைக்காமல் கொடுத்தால் மரப்பெட்டிக்குள் அது நாள் முழுவதும் பாடிக்கொண்டிருக்கும் என்பதால், வாங்குகிறவர் ஒவ்வொரு போனிலும் ஒரு பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைப்பார்.

சாயந்திரம் ஷிப்ட் விட்டதும் கேட்டுக்கு வெளியே இருக்கும் வேப்பமரத்தடியில் ஒரு கூட்டம் நிற்கும். எல்லோரும் போனை உயிர்ப்பிக்கிற நேரம். பகலெல்லாம் வெளியே காத்திருந்த மெசேஜ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். விதவிதமான மணியோசைகள் ஒரே சமயத்தில் எழும்போது மரத்தில் அடைய வந்த மைனாக்கள் கலைந்து எதிர்ச்சுவருக்குப் போய்விடும்.

என்னோடு பக்கத்து மேசையில் வேலை பார்த்த தோழிக்கு வாரங்கலில் ஒரு மகன். இன்ஜினியரிங் கல்லூரி விடுதியில் இருந்தான். அவன் மத்தியானச் சாப்பாட்டை வர்ணித்து அனுப்பும் மெசேஜ்கள் சாயந்திரம் அவளுக்குக் கிடைக்கும். பஸ்ஸுக்கு நடந்துகொண்டே எனக்குப் படித்துக் காட்டுவாள். தெலுங்கில்தான் பேசுவாள், நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"பாரு அக்கா, பருப்புல தண்ணியா, தண்ணியில பருப்பான்னு கேக்கறான். இவன் இன்ஜினியர் ஆகி என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறானோ!"

என் போன் வெளிச்சம் காட்டும், ஒரு சின்ன ராகம் வாசிக்கும், அடங்கிவிடும். என் மகள் பகலில் மெசேஜ் அனுப்புவதில்லை என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு மாரெட்பள்ளியில். என் கணவர் அங்கேயே பிறந்தவர். அவருடைய தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துக்குக் கணக்கெழுத வந்து செகந்திராபாதிலேயே தங்கிவிட்டவர். நான் திருச்சிக்காரி. ஆகவே வீட்டில் இரண்டு தமிழ் உண்டு. அவருடையதில் ஊர் ஹிந்தியின் நக்கோவும் ஹவ்வும், அதாவது வேண்டாமும் ஆமாமும், கலந்திருக்கும். மகளுக்கு இரண்டு தமிழும் புரியும். பதில் மட்டும் பாதிக்குப் பாதி தெலுங்கில் வரும்.

அவர் ராணுவத்தோடு சேர்ந்த ஓர் அலுவலகத்தின் ஸ்டோர்ஸில் இருந்தார். ரப்பர் வளையம், பசை, பேட்டரி, பெயிண்ட் எதுவானாலும் அதற்கு ஓர் ஆயுள் உண்டு என்பது அவர் வேலையின் முதல் பாடம். தேதி தாண்டிய பொருளில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி அதைத் தனி அலமாரிக்கு அனுப்பிவிட வேண்டும். யார் வந்து கெஞ்சினாலும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. நல்ல கெட்டிப் பசை போலத் தெரியும், ஆனால் விமானத்தில் ஒட்டினால் ஆகாயத்தில் போகும்போது கைவிட்டுவிடும் என்பார். இந்தப் பழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்தது. சாம்பார்ப்பொடி டப்பாவில் அரைத்த தேதி இருக்கும். இருமல் மருந்தில் திறந்த தேதி இருக்கும். எனக்கு இதில் வருத்தமில்லை. நானும் எதையும் அதனதன் இடத்தில் வைக்கிறவள்தான். என் அம்மா அனுப்பிய உப்பு நார்த்தங்காய் ஜாடியில் சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்த அன்றைக்கு மட்டும் சண்டை வந்தது.

"நார்த்தங்காய் கெடாதுங்க."

"கெடாதுன்னு எந்த ஸ்பெசிபிகேஷன்ல எழுதியிருக்கு?"

"எங்கம்மா சொல்லியிருக்காங்க."

"அப்ப அவங்ககிட்டயே கையெழுத்து வாங்கிட்டு வா."

செல்போன் எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. ஸ்கூட்டரில் என்னை அழைத்துவர அவர் அவ்வப்போது தொழிற்சாலை இருக்கும் குஷாய்குடாவுக்கு வருவார். ஒரு நாள் வர முடியாமல் போகவே, 'இன்னிக்கு நான் வரல, பஸ்ல வந்துடு' என்று பகலில் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். நான் அன்று போனைத் திறக்க மறந்து கைப்பையில் போட்டுக்கொண்டு, அவரைக் காணாமல் பஸ்ஸில் வந்து சேர்ந்தேன். மறுநாள் சாயந்திரம் கேட்டில் போனைத் திறந்தபோது அந்த மெசேஜ் வந்து நின்றது. நேற்றையது என்று எனக்குத் தோன்றவில்லை. சொன்னபடி பஸ் ஏறிவிட்டேன். அன்றைக்குப் பார்த்து அவர் ஸ்கூட்டரோடு வந்து, மழையில் நனைந்துகொண்டு, கேட்டில் கடைசி ஆள் வெளியேறும் வரை காத்திருந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்தவர் நான் காட்டிய மெசேஜைப் பார்த்தார்; தலையைத் துவட்டிக்கொள்ளக்கூட இல்லை. "நேத்துச் சரக்கை இன்னிக்குக் கொடுத்திருக்கான்! எதுக்கு அப்படிக் கொடுக்கணும்? பழசாயிட்டா தூக்கிப் போட வேண்டியதுதானே?"

"மெசேஜ் என்ன பசையா?"

"பசையைவிட மோசம். பசை ஒட்டாம போகும், அவ்வளவுதான். இது ஆளை மழையில நிக்க வைக்குது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோடு வந்த சின்னப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் "கிடைச்சுட்டுது" என்றார். என்ன கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. அடுப்பில் பால் இருந்தது.

மகள் கொண்டாப்பூருக்குப் போனது அதற்குப் பிறகு. என் தொழிற்சாலையின் பயிற்சிப் பொறியாளர் தேர்வில் அவள் தேறியிருந்தாள். சேர மாட்டேன் என்று சொல்லி கொண்டாப்பூரில் ஓர் ஐடி கம்பெனியில் சேர்ந்தாள். எனக்கு அதில் ஏமாற்றம்தான். நான் சத்தம் போடவில்லை. "அங்க நாற்காலி இருக்கும், வேர் இருக்காது" என்று மட்டும் சொன்னேன். அவள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மாரெட்பள்ளியிலிருந்து கொண்டாப்பூர் போவதென்றால் நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி. ஆகவே அங்கேயே பெண்கள் விடுதி ஒன்றில் இடம் பார்த்தோம். புது போன் வாங்கினோம். கடிகாரம், மணியோசை, எங்கள் எண்கள் எல்லாவற்றையும் அவள் அப்பாவே சரிசெய்து, பெட்டியை மூடிக் கையில் கொடுத்தார்.

முதல் ஒன்றரை வருஷம் நன்றாகப் போனது. சாயந்திரங்களில் 'ஹாஸ்டல் வந்தாச்சு' என்று அவள் மெசேஜ் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். தெருமுனைக் கடையில் அவளுக்குப் பிடித்த உஸ்மானியா பிஸ்கட் வாங்கி வைப்பேன்.

பிறகு, ஐடி கம்பெனிகள் புது ஆள் எடுப்பதை நிறுத்திய அந்தக் குளிர்காலம் வந்தது. அவள் இருந்த ப்ராஜெக்ட் முடிந்தது, அடுத்தது வரவில்லை. ஒரு சாயந்திரம் போனில் சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னாள்: "நான் இப்ப பென்ச்சுல இருக்கேன்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அவர், "பென்ச்சா? தப்புப் பண்ணினா பென்ச் மேல நிக்க வைப்பாங்க, அதுதானே?" என்றார்.

"அப்பா! வேலை கொடுக்கற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கறது. அவ்வளவுதான்."

"சும்மா உக்கார்றதுக்கு ஆபீசா? எங்க ஸ்டோர்ஸ்ல நாலு பேர் அதைத்தானே செய்யறாங்க!"

அவள் சிரித்தாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி. அதற்கப்புறம் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. சாப்பிட்டியா என்றால், சாப்பிட்டேன். ஆபீஸ் எப்படி என்றால், பரவாயில்லை என்று தெலுங்கில், பர்வாலேது. பிறகு ஒரு மௌனம். நான் ஏதோ சொல்வேன் என்று காத்திருப்பது போல. அவள் ஏதோ சொல்வாள் என்று நான் காத்திருப்பேன். "சரி அம்மா, வெச்சுடறேன்" என்று முடியும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வருவது நின்றது. தலைவலி என்றாள், துணி துவைக்க வேண்டும் என்றாள்.

வேலை போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு இருக்கும் என்று எனக்குத் தெரியும். கேட்டால், அன்றைக்கு நான் சொன்ன நாற்காலி வாக்கியத்தை மறுபடி சொல்ல வந்ததாக நினைத்துக்கொள்வாளே என்றும் தோன்றும். அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். வேப்பமரத்தடியில் என் தோழி தன் மகனின் பருப்புக் கதைகளைப் படிக்கும்போது, "உன் பொண்ணு பகல்ல ஒரு வரிகூடப் போட மாட்டாளா அக்கா?" என்று கேட்டாள். "அவளுக்கு வேலை ஜாஸ்தி" என்றேன். பென்ச்சில் இருக்கிறவளுக்கு என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. அது அவளுடைய நல்ல குணம்.

சங்கராந்திக்கு மகள் வந்தாள். போகியன்று சாயந்திரம் ஆட்டோவில் வந்து இறங்கியவளிடம் ஒரு சின்னப் பை மட்டும் இருந்தது. அவளுடைய அறையில் கட்டில் மேல் அவள் அப்பா பழைய செய்தித்தாள் கட்டுகளையும் ஒரு இன்வெர்ட்டர் பேட்டரிப் பெட்டியையும் வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையிலேயே எல்லா மாடிகளிலும் பட்டம் ஏறிவிட்டது. பட்டத்தை அறுக்கச் சொல்லித் தெருவெங்கும் "காட்! காட்!" என்று கூச்சல். வெண்பொங்கலும் கொத்சுவும் பரிமாறிவிட்டு நானும் உட்கார்ந்தேன். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நொய்டாவுல ஒரு வேலை இருக்காம். பென்ச்சுல இருக்கறவங்க போகலாம்னு சொல்லியிருக்காங்க. திங்கட்கிழமை பதில் சொல்லணும். சரின்னு சொல்லப் போறேன்."

அவர் கை தட்டிலேயே நின்றது. "நொய்டாவா? டெல்லிப் பக்கத்துலயா?"

"ஆமாப்பா."

"என்ன வேலை?" என்று கேட்டேன்.

"ஏதோ சப்போர்ட் வேலை. நான் படிச்சதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

"பிடிச்சிருக்கா?"

"அதி காது... அது இல்லம்மா விஷயம்."

"அப்ப எதுதான் விஷயம்? பிடிக்கலேன்னா எதுக்கு அவ்வளவு தூரம்? இங்க வந்து நம்ம வீட்டுல இருந்துகிட்டு, வேற ப்ராஜெக்ட் வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாதா?"

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். முகம் சிவந்திருந்தது.

"இப்பக் கேக்கறியா? நான் கேட்டப்ப எல்லாம் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டு, பண்டிகைக்கு வந்தவகிட்ட இப்பக் கேக்கறியா?"

"நீ எப்ப என்கிட்ட கேட்ட?"

"அம்மா, ப்ளீஸ். பாக்கவே இல்லேன்னு மட்டும் சொல்லாத."

போனை எடுத்து, அனுப்பிய மெசேஜ்களைத் திறந்து, என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். எல்லாம் என் எண்ணுக்கு. எல்லாம் பகல் நேரத்தில், அவளுடைய சாப்பாட்டு இடைவேளையில் அனுப்பியவை. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். 'அம்மா, ப்ராஜெக்ட் எதுவும் கிடைக்கல. ஹாஸ்டல்ல இருக்க முடியல. கொஞ்ச நாள் வீட்டுக்கு வரட்டுமா?' அதற்கு அடுத்தது, 'அம்மா, நேத்து அனுப்பினது பாத்தியா?' இன்னும் சில. கடைசியாக ஒன்று: 'சரி அம்மா. புரியுது.'

அந்தக் கடைசி வரியை நான் மறுபடி படித்தேன். வீட்டுக்கு வர வேண்டாம் என்று நான் சொல்லாமல் சொல்வதாகப் புரிந்துகொண்டிருக்கிறாள்.

"இதுல ஒண்ணுகூட எனக்கு வரல" என்றேன்.

"எல்லாத்துலயும் 'மெசேஜ் சென்ட்'னு வந்திருக்கு."

"வரலடி."

"அது எப்படி? சாயந்திரம் 'ஹாஸ்டல் வந்தாச்சு'ன்னு போட்டா மட்டும் வருது. இதைக் கேட்டா மட்டும் வராதா?"

அவள் அப்பா சமாதானத்துக்கு வந்தார். "பாக்ஸ் நிறைஞ்சிருக்கும்மா. இடம் இல்லேன்னா புதுசு உள்ள நுழையாது."

நான் வாரக்கடைசிதோறும் வேண்டாத மெசேஜ்களை நீக்கிவிடுவேன். போனைத் திறந்து காட்டினேன். பாதிக்கு மேல் காலியாக இருந்தது.

"அப்ப நெட்வொர்க். பண்டிகை சமயத்துல எல்லாரும் வாழ்த்து அனுப்புவாங்க, நெரிசல்ல மாட்டிக்கும்."

"டிசம்பர்லயிருந்து என்னப்பா பண்டிகை?" என்றாள் மகள்.

"இப்ப ஒண்ணு அனுப்பு, பாப்போம்" என்றேன்.

வெறுமே ஒரு புள்ளியை வைத்து அனுப்பினாள். அவள் விரல் எடுப்பதற்குள் என் போன் மணி அடித்தது. மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. எண் சரி, போன் சரி, நெட்வொர்க் சரி. அப்படியானால் பொய் சொல்வது யார் என்று அந்தப் பார்வை கேட்டது. எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

தொழிற்சாலையில் என் வேலை கேபிள் கட்டுகளைச் சோதிப்பது. தலைமுடி போலப் பல நிறக் கம்பிகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். இந்த முனையில் ஒரு ஊசி, அந்த முனையில் ஒரு ஊசி வைத்தால் பஸ்ஸர் கத்த வேண்டும். கத்தாவிட்டால் உடனே கம்பியைக் குறை சொல்லக் கூடாது. ஊசியை மாற்றிப் பார்க்க வேண்டும், பஸ்ஸரை மாற்றிப் பார்க்க வேண்டும். நல்லது என்று தெரிந்த ஒன்றை ஒவ்வொரு இடத்திலும் வைத்துப் பார்த்தால் பழுது தானாக வெளியே வந்து நிற்கும். முக்கியமானது இன்னொன்று: பழுது எந்த நிலையில் நடந்ததோ அதே நிலையில் சோதிக்க வேண்டும். கருவி சூட்டில் கெட்டிருந்தால் குளிர்ந்த அறையில் வைத்துச் சோதித்துப் பயனில்லை.

என் போன் பகலில் திறந்திருக்காது. நாம் இப்போது திறந்த போனுக்கு அனுப்பிப் பார்த்தோம்.

கை கழுவிக்கொண்டு மாடிக்குப் போனேன். மகள் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் தோழி, அடுத்த தெருவில்தான் அவள் வீடு, சங்கராந்திப் பலகாரங்களான சக்கினாலும் அரிசெலும் ஒரு தூக்கில் போட்டு எடுத்துக்கொண்டு அப்போதுதான் படியேறி வந்தாள்.

"எங்க வீட்டுல ஒரு சோதனை நடக்குது, உன் போன் வேணும்" என்றேன்.

"பண்டிகைக்கு லீவு கொடுத்தாலும் நீ இன்ஸ்பெக்ஷனை விடமாட்ட!" என்றாள்.

அவர்கள் முன்னாலேயே என் போனை அணைத்துத் தொட்டியின் மேல் வைத்தேன். "இப்ப நான் தொழிற்சாலைக்குள்ள போயிட்டேன்னு வெச்சுக்கோங்க. ஆளுக்கு ஒண்ணு அனுப்புங்க." மகள் வேண்டாவெறுப்பாக அனுப்பினாள். தோழி சிரித்துக்கொண்டே அனுப்பினாள். கீழேயிருந்து பட்டத்தோடு வந்த கணவரையும் அனுப்பச் சொன்னேன்.

"எனக்கு எதுக்கு? சண்டை உங்க ரெண்டு பேருக்குத்தானே?"

"அனுப்புங்க."

"ஹவ், ஹவ், அனுப்பறேன்."

மத்தியானம் வரை அந்தப் போனை யாரும் தொடவில்லை. தோழி தன் வீட்டுச் சமையலை முடித்துவிட்டு என்ன ஆயிற்று என்று பார்க்கத் திரும்பி வந்தாள். அதற்குள் அவர் இரண்டு பட்டம் இழந்திருந்தார். மகள் அவருக்கு நூல்கண்டு பிடித்தாள். எதிர்மாடிப் பையன்கள் அவர் பட்டத்தை மூன்றாவது முறை அறுத்தபோது அவரிடமிருந்து வந்த ஹிந்தி வசவை இங்கே எழுத முடியாது.

சாப்பாட்டுக்கு இறங்குவதற்கு முன் போனைத் திறந்தேன். நால்வரும் அதன் சின்னத் திரையைச் சுற்றி நின்றோம். வெளிச்சம், ராகம். பிறகு ஒரு மெசேஜ் மணி அடித்தது. தோழியின் மெசேஜ்: அக்கா, சமையல் ஆச்சா என்று தெலுங்கில். நாங்கள் இன்னும் காத்திருந்தோம். வேறு எதுவும் வரவில்லை.

மகள் என் கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்தாள். அணைத்துத் திறந்தாள். மறுபடி பார்த்தாள். "என்னுது வரல" என்றாள், குரலே மாறிப்போய். "அப்பாவுதும் வரல."

"ஒரே மாதிரிப் பழுது ரெண்டு போன்ல" என்றேன். "இவ போன் நல்லா இருக்கு. அப்ப அந்த ரெண்டுலயும் பொதுவா இருக்கறது எது?"

சொல்லிவிட்டு, நூல்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற என் கணவரைப் பார்த்தேன். மகளும் பார்த்தாள். தோழிக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் அவளும் அவரையே பார்த்தாள்.

"என்ன? ரெண்டையும் செட் பண்ணினது நான்தான். அதுக்கென்ன?"

"என்ன செட் பண்ணினீங்க?"

"டைம் வெச்சேன். ரிங் டோன் வெச்சேன். வேலிடிட்டி வெச்சேன்."

"என்ன வேலிடிட்டி?"

அவர் முகம் மெல்ல மாறுவதை நான் பார்த்தேன். மகள் தன் போனில் மெசேஜ் அமைப்புகளைத் திறந்து, ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிப் போனாள். ஓரிடத்தில் நின்றாள். படித்தாள்: "மெசேஜ் வேலிடிட்டி, ஒன் அவர்."

கதை அவ்வளவுதான். நாம் அனுப்பும் மெசேஜ் நேராக எதிராளியின் போனுக்குப் போவதில்லை. நடுவில் கம்பெனியின் இயந்திரம் ஒன்று அதை வாங்கி வைத்துக்கொள்ளும். வாங்கிக்கொண்டதுமே நமக்கு 'மெசேஜ் சென்ட்' என்று காட்டிவிடும். எதிராளியின் போன் அணைந்திருந்தால் அது திறக்கும் வரை மறுபடி மறுபடி முயன்று பார்க்கும். எவ்வளவு நேரம் முயல வேண்டும் என்பதை அனுப்புகிறவர் போனில் குறித்து வைக்கலாம். மழையில் நனைந்த அந்த வாரம் என் கணவர் அதைக் கண்டுபிடித்து, மெசேஜுக்கும் ஒரு ஆயுள் தேதி கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில், தன் போனில் இருப்பதிலேயே குறைந்த கெடுவை வைத்துவிட்டார். மகளுக்குப் புது போன் வாங்கியபோது அதிலும் அப்படியே. அவள் மத்தியானம் கேட்ட கேள்வியை அந்த இயந்திரம் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்திருக்கிறது. என் போன் மரப்பெட்டியில் அணைந்து கிடந்தது. கெடு தாண்டியதும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டது.

"பழசு வந்து குழப்பக் கூடாதுன்னுதான்..." என்று ஆரம்பித்த அவர் முடிக்கவில்லை.

"அப்பா, நான் என்ன ரப்பர் வளையமா?" என்றாள் மகள். சிரிக்கத்தான் தொடங்கினாள். பாதியில் அது அழுகையாகிவிட்டது. தோழி அருகில் போய் அவள் முதுகைத் தடவினாள்.

கொஞ்சம் அடங்கியதும் கேட்டேன். "சாயந்திரம் தினம் பேசறோமே, அப்பக் கேக்கக் கூடாதா? எதுக்குப் பகல்ல அனுப்பின?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "உன் போன் கேட்ல இருக்கும்னு எனக்குத் தெரியாதா? சாயந்திரம் வெளிய வந்து படிப்ப. அப்புறம் குஷாய்குடாலேர்ந்து வீடு வர்ற வரைக்கும் பஸ்ல யோசிப்ப. நேர்ல கேட்டா நீ டக்குனு ஏதாவது சொல்லிடுவ. யோசிச்சு சொல்லட்டும்னுதான்."

வேப்பமரத்தடியிலிருந்து பஸ் வரைக்கும், பஸ்ஸிலிருந்து வீடு வரைக்கும், அந்தக் குளிர்காலத்தில் நான் இவளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். இவள் கேட்டது தெரியாமலே.

"இப்ப கேளு" என்றேன்.

"என்ன?"

"போன்ல வேண்டாம். வாயால கேளு."

அவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் பிஸ்கட் டப்பாவைக் காட்டிக் கேட்கும் குரலில் கேட்டாள்: "வரட்டுமா?"

"உன் கட்டில் மேல உங்கப்பா பேட்டரிப் பெட்டி வெச்சிருக்கார். அதை அவர் எடுக்கற வரைக்கும் கூடத்துல படுக்கணும். பரவாயில்லேன்னா வா."

"சொன்னேன் பாத்தியான்னு சொல்ல மாட்டியே?"

"நாற்காலி, வேர்னு நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

"இப்பச் சொல்லிட்டியே அம்மா!"

தோழிக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் எங்களோடு சேர்ந்து அவளும் சிரித்தாள். சாப்பாடு ஆறிப்போயிருந்தது. அவர் சாப்பிட உட்காரவில்லை. நேராக உள்ளே போய்ப் பேட்டரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாளைக்கு எடுக்கலாம் என்று மகள் சொன்னபோது "நக்கோ, இப்பவே" என்றார். பிறகு மகளின் போனை வாங்கி, அதிலும் தன்னுடையதிலும் வேலிடிட்டியை இருப்பதிலேயே அதிகமானதற்கு மாற்றி, மாற்றியதை எங்கள் இருவருக்கும் காட்டினார். சாயந்திரம், அலமாரியில் ஒதுக்கி வைத்திருந்த நார்த்தங்காய் ஜாடியை எடுத்துச் சிவப்பு ஸ்டிக்கரைச் சுரண்டுவதைப் பார்த்தேன். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை மகள் ஆபீசுக்குப் போய் நொய்டா வேண்டாம் என்று சொன்னாள். காத்திருக்க விரும்பினால் வீட்டிலிருந்தே காத்திருக்கலாம், கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். விடுதியைக் காலி செய்துவிட்டு இரண்டு பைகளோடு வந்தாள். கூப்பிடுவார்களா என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. கூப்பிட்டார்கள், ஆனால் அது மழைக்காலம் தொடங்கிய பிறகு. இடைப்பட்ட மாதங்களில் அவள் காலையில் கம்ப்யூட்டரில் ஏதோ புதிதாகப் படித்தாள். மாலையில் அப்பாவோடு கேரம் ஆடி அவரைத் தோற்கடித்தாள்.

அவள் வந்த மறுநாள் நான் வழக்கம்போல வேலைக்குப் போனேன். போனை அணைத்துக் கொடுத்து டோக்கன் வாங்கினேன். நாளெல்லாம் கம்பிகளின் இரு முனைகளில் ஊசி வைத்தேன். சாயந்திரம் வேப்பமரத்தடியில் எல்லோரோடும் நின்று போனைத் திறந்தேன். சுற்றிலும் மணிகள் அடித்தன. மைனாக்கள் எதிர்ச்சுவருக்குப் பறந்தன. என் போன் வெளிச்சம் காட்டியது, ராகம் வாசித்தது. பிறகு அடித்தது.

தோழி எட்டிப் பார்த்தாள். "உனக்கா அக்கா?"

"எனக்குத்தான்."

மத்தியானம் அனுப்பியிருந்தாள். 'அம்மா, குக்கர் கேஸ்கெட் எங்க வெச்ச? தேடித் தேடிப் பாத்துட்டேன். அரிசி ஊறிக்கிட்டு இருக்கு.'

இந்நேரம் அவள் கேஸ்கெட்டைக் கண்டுபிடித்திருப்பாள். இல்லையென்றால் பாத்திரத்தில் வடித்துச் சாப்பிட்டிருப்பாள். இனி அதில் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. என் கணவரின் ஸ்டோர்ஸாக இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். நான் பஸ்ஸை விட்டுவிடாமல் இருக்க நடந்துகொண்டே பதில் அடித்தேன்: 'ஃப்ரிஜ்ல, மேல் தட்டுல, தயிருக்குப் பின்னாடி.'

தோழி என்னை வேடிக்கையாகப் பார்த்தாள். "இன்னும் கொஞ்ச நேரத்துல வீட்டுக்கே போயிடுவியே!"

"தெரியும்" என்று சொல்லி, அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினேன்.